கம்பெனி ஆப்போ அரசு ஆப்போ, உங்கள் போனில் எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

சென்னை ரிச்சி தெருவை ஒட்டி மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற, பேட்டரி மாற்ற, சார்ஜிங் பின் பார்க்க வருகிறவர்கள் வேலை முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போதெல்லாம் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. "அண்ணே, நான் சும்மா வாயால சொன்ன பொருளுக்கு விளம்பரம் வருது, போன் ஒட்டுக் கேக்குதா?" என்பார் ஒருவர். "கவர்மென்ட் ஏதோ ஆப் போடுதாமே, எடுக்கவே முடியாதாமே?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் முடிப்பது ஒரே மாதிரி: "நாம என்ன பண்ண முடியும்?"

நிறையவே பண்ண முடியும். உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் சந்தேகப்பட்ட கையோடு, அடுத்து போடும் ஆப் கேட்கிற எல்லாவற்றுக்கும் "அலோ" கொடுத்துவிட்டுப் போனால் அந்தச் சந்தேகத்தால் யாருக்கும் பயனில்லை. கம்பெனிக்காரன் கெட்டவன், அரசாங்கம் நல்லது என்றோ, இல்லை அதற்கு நேர்மாறாகவோ பிரித்துப் பார்ப்பதிலும் எனக்கு உடன்பாடு கிடையாது. எந்த ஆப்பாக இருந்தாலும் நான் கேட்பது மூன்று கேள்விகள். என்ன எடுக்கிறது? யார் கைக்குப் போகிறது? வேண்டாம் என்றால் என்னால் எடுத்துவிட முடியுமா? கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றையும் உங்கள் போனிலேயே கேட்டுப் பார்க்கும் வழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

ஆப் ஆப்பாகப் பார்க்காதீர்கள், அனுமதி வாரியாகப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸைத் திறந்து, மேலே இருக்கும் தேடல் பெட்டியில் "பெர்மிஷன் மேனேஜர்" என்று தேடுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் இதை ஒவ்வொரு மூலையில் வைத்திருக்கிறது. மெனுவுக்குள் அலைவதைவிடத் தேடிப் போவது சுலபம். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி". அங்கே கான்டாக்ட்ஸ், மைக், கேமரா, லொகேஷன், எஸ்எம்எஸ் என்று வரிசையாக இருக்கும் (ஐபோனில் மட்டும் எஸ்எம்எஸ் இருக்காது, மற்ற ஆப்புகளை அது மெசேஜ் படிக்க விடுவதில்லை). ஒவ்வொன்றையும் தொட்டால், அந்த அனுமதியை எந்தெந்த ஆப் வைத்திருக்கிறது என்று பட்டியல் வரும்.

புதுப்பேட்டையிலிருந்து வரும் ஆட்டோ அண்ணன் ஒருவர் போனில் டிஸ்ப்ளே மாற்றி முடித்ததும், அவர் கையிலேயே கொடுத்து கான்டாக்ட்ஸ் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். டயலர், வாட்ஸ்அப், பணம் அனுப்பும் ஆப். அதெல்லாம் சரி. கீழே தள்ளினால் ராசிபலன் ஆப், போட்டோவுக்கு மாலை போடும் ஆப், லூடோ, கடைசியில் டார்ச். "டார்ச் அடிக்கறதுக்கு என் மச்சான் நம்பர் எதுக்கு?" என்று அவரே கேட்டார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் திறக்கச் சொன்னேன். நான்கையும் தொட்டு "டோன்ட் அலோ" கொடுத்தார். ஒரு ஆப்பும் நிற்கவில்லை. டார்ச் பழையபடியே எரிந்தது. போனிலேயே டார்ச் இருக்கிறது என்று சொன்னதும் அந்த ஆப்பையே எடுத்துவிட்டார்.

கான்டாக்ட்ஸில்தான் முதலில் கை வைக்கச் சொல்வேன். மற்ற அனுமதிகளில் நீங்கள் கொடுப்பது உங்கள் விஷயம். இதில் கொடுப்பது அடுத்தவர் விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்த சாவியை வாசலில் நிற்கிற ஆளிடம் நீட்டுவது போலத்தான் இது. ஃபேஸ்புக்கில் ஓடிய ஒரு கேள்வி-பதில் ஆப் வழியாக ஜனங்களின் தகவல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் பிரச்சாரக் கம்பெனிக்குப் போன விவகாரம் 2018-ல் வெடித்தபோது ஃபேஸ்புக் ஒரு கணக்கு சொன்னது. அந்தக் கேள்வி-பதில் ஆப்பை இந்தியாவில் போட்டவர்கள் 335 பேர்தான். ஆனால் நண்பர் பட்டியல் வழியாக இங்கே பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் சுமார் 5.62 லட்சம் பேர். அந்த 335 பேரும் விளையாட்டாகத்தான் அழுத்தியிருப்பார்கள்.

கடன் ஆப்களின் கொடுமையும் இதே வழியில்தான் நடந்தது. தவணை தவறினால் கான்டாக்டில் இருக்கும் மாமியார், மேனேஜர், பிள்ளையின் வகுப்பு ஆசிரியர் எல்லோருக்கும் ஆபாசமாக மெசேஜ் போகும். அந்த அவமானத்தோடு கடைக்கு வந்து, போனைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொடுத்த வழிகாட்டுதலில், கடன் ஆப்கள் கான்டாக்ட் பட்டியல், கால் பதிவு, ஃபைல், மீடியா எதையும் தொடக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கேமரா, மைக், லொகேஷன் போன்றவற்றைக் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) மாதிரி வேலைக்கு ஒரு தடவை, உங்கள் சம்மதத்தோடு கேட்கலாம், அவ்வளவுதான். ஆகவே கடன் ஆப் ஒன்று கான்டாக்ட்ஸ் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், அது விதியை மீறுகிற ஆப். 2025 ஜூலையிலிருந்து, தன் கட்டுப்பாட்டில் இருக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்துகிற கடன் ஆப்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் போடுகிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த ஆப்பிலும் பான் நம்பரைத் தட்டாதீர்கள்.

அடுத்தது எஸ்எம்எஸ். ஓடிபி வருவது அதில்தான். பணம் அனுப்பும் ஆப்புக்கு, சிம்மைச் சரிபார்க்கும் நேரத்தில் இந்த அனுமதி வேண்டும். மெசேஜ் ஆப்புக்கு எப்போதும் வேண்டும். விளையாட்டுக்கும் ஷாப்பிங்குக்கும் வேண்டாம்.

லொகேஷனில் மூன்று நிலை உண்டு: எப்போதும், பயன்படுத்தும்போது மட்டும், ஒவ்வொரு முறையும் கேட்டு. "எப்போதும்" என்ற வரிசையில் ஒரு ஆப்கூட இருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. வீட்டில் வயதானவர்களோ பிள்ளைகளோ எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நீங்களே வைத்த ஆப் என்றால் அது வேறு. வானிலை ஆப்புக்கு உங்கள் தெரு தெரிய வேண்டாம், சென்னை என்று தெரிந்தால் போதும். ஆண்ட்ராய்டு 12-லிருந்து "யூஸ் பிரிசைஸ் லொகேஷன்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அணைத்துவிடுங்கள்.

மைக் விஷயம். போன் நாள் முழுக்க ஒட்டுக் கேட்டுத்தான் விளம்பரம் போடுகிறது என்று யாரும் ஆதாரத்தோடு நிரூபிக்கவில்லை. உங்கள் தேடல், நீங்கள் இருக்கும் இடம், உங்களோடு ஒரே வைஃபையில் இருப்பவர் தேடியது, முன்பு வாங்கியது இவ்வளவும் கையில் இருக்கும்போது விளம்பரக் கம்பெனிக்கு உங்கள் குரல் அவ்வளவாகத் தேவைப்படாது. அது ஆறுதலான செய்தி இல்லை என்று எனக்கும் தெரியும். மைக்கோ கேமராவோ ஓடும்போது திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி வரும். ஐபோனில் மைக்குக்கு ஆரஞ்சு. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் "பிரைவசி டாஷ்போர்டு" என்று தேடினால் கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எப்போது மைக்கைத் தொட்டது என்று மணி வாரியாகக் காட்டும். அப்புறம், ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் "ஆட்ஸ்" என்று தேடி "டிலீட் அட்வர்டைசிங் ஐடி" கொடுங்கள். விளம்பரம் நிற்காது. ஆனால் பல ஆப்களில் நீங்கள் செய்வதையெல்லாம் ஒரே ஆளுடையது என்று கோர்க்க உதவும் ஒரு எண் போய்விடும். ஐபோனில் "டிராக்கிங்" பக்கத்தில் "அலோ ஆப்ஸ் டு ரிக்வெஸ்ட் டு டிராக்" என்பதை அணைத்தால் போதும்.

கடைசியாக, பலரும் திறந்தே பார்க்காத இடம்: "அக்சஸிபிலிட்டி". பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லவும் அவர்களுக்குப் பதில் பொத்தானை அழுத்தவும் வைத்த வசதி இது. தப்பான ஆப் கையில் சிக்கினால் அது உங்கள் திரையைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் செய்யும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான் என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் வழியாக வராமல் நேராக ஆப்பைப் போடும் ஃபைல்) வருகிறதே, அந்த மாதிரி ஆப்கள் முதலில் குறி வைப்பது எஸ்எம்எஸ்ஸையும் இதையும்தான். உங்களுக்குத் தெரியாத பெயர் அங்கே "ஆன்" என்று இருந்தால் உடனே நெட்டை அணையுங்கள். அந்த அனுமதியை நிறுத்தி ஆப்பை எடுத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

எடுக்க முடியாத ஆப்கள்

பட்ஜெட் போன்களில் கம்பெனியே போட்டு அனுப்பும் ஆப்கள் ஒரு பக்கம் நிறைந்திருக்கும். "அன்இன்ஸ்டால்" வராது. ஆனால் பெரும்பாலானவற்றில் "டிஸேபிள்" வரும், அதைக் கொடுங்கள். லாக் ஸ்கிரீனில் படமும் செய்தியும் ஓட்டுகிற வசதியை அணையுங்கள். புதுப் போன் ஆன் செய்யும்போது வரும் பக்கங்களில் "அக்ரீ" என்று இருப்பதில் பாதி கட்டாயமே கிடையாது; நிதானமாகப் படித்தால் "ஸ்கிப்" எங்கேயாவது இருக்கும்.

அரசு ஆப்: பயன்படுத்துங்கள், ஆனால் அதே கேள்விகளோடு

2025 நவம்பர் 28-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை போன் கம்பெனிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. புதுப் போன்கள் எல்லாவற்றிலும் 90 நாளுக்குள் சஞ்சார் சாத்தி ஆப் (தொலைந்த போனை முடக்க, உங்கள் பெயரில் உள்ள சிம்களைப் பார்க்க அரசு வைத்த ஆப்) முன்கூட்டியே இருக்க வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கவோ குறைக்கவோ கூடாது என்றது உத்தரவு. செய்தி வெளியான இரண்டே நாளில் நாடு முழுக்க எதிர்ப்பு. வேண்டாம் என்றால் நீக்கிக்கொள்ளலாம் என்று அமைச்சர் சொன்னார். டிசம்பர் 3-ல் கட்டாயம் என்பதையே திரும்பப் பெற்றார்கள். ஜனங்கள் சத்தம் போட்டதால் மாறியது என்பதைக் கவனியுங்கள். "நாம என்ன பண்ண முடியும்" என்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

அதே நேரம், சஞ்சார் சாத்தி செய்கிற வேலை நல்ல வேலை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தொலைந்த போனை முடக்க வாடிக்கையாளர்களுக்கு நானே அந்தத் தளத்தைக் காட்டிக் கொடுக்கிறேன். விஷயம் என்னவென்றால், அந்த வேலைக்கெல்லாம் ஆப் தேவையே இல்லை. 2023-லிருந்து இணையதளமாகவே இருக்கிறது. பிரவுசரில் திறந்து, உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு என்று பார்க்கும் பகுதிக்குப் போங்கள். மொபைல் நம்பர், படத்தில் இருக்கும் எழுத்து, ஓடிபி. உங்கள் பெயரில் எடுக்கப்பட்ட சிம்களின் நம்பர்கள் பாதி மறைத்து வரும். தெரியாத நம்பர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து "என் நம்பர் இல்லை" என்று புகார் கொடுக்கலாம். பழைய சிம் என்றால் "தேவையில்லை" கொடுக்கலாம். ஒருவர் பெயரில் 9 இணைப்பு வரை அனுமதி இருப்பதால், உங்கள் ஆதார் நகலை வைத்து வேறு யாரோ எடுத்த சிம் ஒன்று இரண்டு உள்ளே இருந்தாலும் நீங்கள் பார்க்காதவரை தெரியாது. வீட்டில் அப்பா, அம்மா நம்பருக்கும் பாருங்கள்.

போன் தொலைந்தால், போலீஸ் புகார் நகலும் அதே நம்பரில் எடுத்த புது சிம்மும் கையில் இருக்க வேண்டும். ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கேட்பார்கள். இப்போதே *#06# அழுத்தி, வரும் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். தொலைந்த பிறகு எங்கே அழுத்துவீர்கள்?

ஆக, அரசு ஆப்பில் என் முதல் விதி: அதே வேலை இணையதளத்தில் நடந்தால் ஆப் போடாதீர்கள். பிரவுசருக்கு உங்கள் கால் பதிவும் எஸ்எம்எஸ்ஸும் எட்டாது. மின்கட்டணம், சொத்து வரி எல்லாம் அப்படியே கட்டலாம்.

சிலவற்றுக்கு ஆப்தான் வசதி. சென்னை ஒன் ஆப்பில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்கலாம். லொகேஷன் இருந்தால்தான் பஸ் எங்கே வருகிறது என்று தெரியும். "பயன்படுத்தும்போது மட்டும்" கொடுங்கள், போதும். காவல் உதவி ஆப் வேறு மாதிரி. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போவதுதான் அதன் வேலையே. ராத்திரி ஷிஃப்ட் முடித்து ஓஎம்ஆரிலிருந்து தனியாகத் திரும்பும் பெண்களுக்கு அதை வைத்துக்கொள்ளச் சொல்வேன், லொகேஷனோடு. எல்லா அனுமதியையும் மறுப்பது கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைக்கவில்லை. கொடுத்ததற்கு ஈடாக உங்களுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொரோனா தொடர்பைக் கண்டுபிடிக்க அரசு கொண்டுவந்த ஆரோக்கிய சேது ஆப்பையும் நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில் வந்தது, மே முதல் தேதி உத்தரவில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயம் என்றார்கள், சில வாரத்தில் அந்த வாசகம் தளர்ந்தது. எதிர்ப்புக்குப் பிறகு மே கடைசியில் அதன் ஆண்ட்ராய்டு மூல நிரலை, அதாவது ஆப் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டும் குறியீட்டை, வெளியிட்டார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது. அரசு ஆப் ஒவ்வொன்றுக்கும் நாம் கேட்க வேண்டியதும் அதுதான்.

அரசு வேண்டுமென்றே தவறாகப் பயன்படுத்தும் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். சரியாகக் காவல் காக்காவிட்டாலும் நஷ்டம் நமக்குத்தான். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியாள் நுழைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சேர்த்து வைத்த தகவல் எப்போதாவது கசியும் என்று எண்ணிக்கொண்டு, குறைவாகக் கொடுப்பதே நல்லது.

ஆதாருக்கு இரண்டு வேலை. லாட்ஜிலும் வாடகை வீட்டிலும் கொடுக்க "மாஸ்க்டு ஆதார்" எடுங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும். ஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால் இறக்கிக்கொள்ளலாம். அங்கேயே கைரேகையையும் கருவிழியையும் பூட்டும் வசதி இருக்கிறது. ஆனால் ஒன்று: பூட்டிவிட்டால் ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தாலும் எடுக்காது. ஓடிபி பார்த்துத் திறக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இருந்தால் மட்டும் பூட்டுங்கள். தனியாக இருக்கும் பாட்டிக்கு இதைச் செய்துவிட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள்.

நாளைக்கே ஒரு ஆப்பைத் தடை செய்தால்?

2020 ஜூன் 29 ராத்திரி 59 ஆப்களைத் தடை செய்தார்கள். அதில் டிக்டாக் ஒன்று. இந்தியாவில் சுமார் 20 கோடிப் பேர் வைத்திருந்ததாகச் சொன்ன ஆப் அது. அதே வருஷம் செப்டம்பரில் பப்ஜி உட்பட 118. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இதற்கு அதிகாரம் கொடுக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, இறையாண்மை என்று காரணம் சொல்வார்கள். சில தடைகளுக்கு அது உண்மையான காரணமாகவும் இருக்கலாம். ஆனால் 2009 விதிகளின்படி தடை கேட்டு வரும் புகாரும் அதன்மேல் எடுக்கும் நடவடிக்கையும் ரகசியம். உச்ச நீதிமன்றம் 2015-ல், இணையத்தில் எழுதுவதற்காகக் கைது செய்ய வழி கொடுத்த 66ஏ பிரிவை ரத்து செய்தபோது 69ஏ-வை விட்டு வைத்தது, காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்ற பாதுகாப்பு இருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டித்தான். எழுதி வைத்த காரணத்தை ஜனங்களுக்குக் காட்டாமல் வைத்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அந்த ஜூலை மாதம், ஊரடங்கு நேரத்திலும், வியாசர்பாடிப் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்தாள். கானா பாட்டுக்கு ஆடி, தலைப்பெல்லாம் போட்டு, வெளியிடாமல் டிராஃப்ட்டில் சேர்த்து வைத்திருந்தாள். ஆப் வேலை செய்யவில்லை என்று யாரோ அழித்துத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அழித்தது போய்விட்டது, திரும்பப் போட பிளே ஸ்டோரில் ஆப்பே இல்லை. டிராஃப்ட் எல்லாம் அந்த ஆப்புக்குள் மட்டுமே இருந்தவை. அவள் அம்மா என்னிடம், "எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல தம்பி" என்றார். காசு வாங்கிச் செய்யும் வேலை எதுவும் என்னிடம் இல்லை.

ஆகவே, எந்த ஆப்பில் உழைப்பைப் போடுகிறீர்களோ அதற்கு வெளியே ஒரு நகல் வையுங்கள். ரீல்ஸ் எடுப்பவர்கள் போன் கேமராவில் எடுத்து, கேலரியில் சேர்த்து, அப்புறம் ஏற்றுங்கள். கூகுள் கணக்கில் இருப்பதை "டேக்அவுட்" வழியாக மொத்தமாக இறக்கலாம். வாட்ஸ்அப்பில் முக்கியமான சாட்டைத் திறந்து "எக்ஸ்போர்ட் சாட்" கொடுத்தால் ஃபைலாக வரும். வாட்ஸ்அப் குழுவிலேயே வியாபாரம் செய்யும் புடவைக்கார அக்காக்கள், மெஸ் நடத்துபவர்கள், டியூஷன் டீச்சர்கள் எல்லோரும் வாடிக்கையாளர் நம்பர்களை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.

தடைக்குப் பிறகு வருவதுதான் பெரிய ஆபத்து. டிக்டாக் போன சில நாளில் "டிக்டாக் ப்ரோ" என்று லிங்க் சுற்றியது. உள்ளே இருந்தது வைரஸ். தடை செய்த ஆப் எந்த வேஷத்தில் வந்தாலும் ஏபிகே இறக்காதீர்கள். செட்டிங்ஸில் "இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்" என்று தேடி, வாட்ஸ்அப், டெலிகிராம், பிரவுசர் எல்லாவற்றுக்கும் அனுமதி இல்லை என்று வைத்துவிடுங்கள்.

மெசேஜ் ஆப்

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது பாதிப் பேர் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓடினார்கள், பிறகு பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டார்கள். அந்தக் கொள்கைக்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் வாட்ஸ்அப்பின் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் என்ற பூட்டு இருப்பதால், வாட்ஸ்அப்பில் நீங்கள் எழுதுவதைக் கம்பெனியால் படிக்க முடியாது. ஆனால் யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி என்பது வேறு கணக்கு. தவிர, கூகுள் டிரைவுக்குப் போகும் பேக்கப்புக்கு நீங்கள்தான் தனியாகப் பூட்டுப் போட வேண்டும்: செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், "எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப்". பாஸ்வேர்டை மறந்தால் கம்பெனியாலும் திறக்க முடியாது, என்னாலும் முடியாது. எழுதி வையுங்கள்.

2025 செப்டம்பர் கடைசியில் நம்ம ஊர் ஸோஹோவின் அரட்டை ஆப்பை எல்லோரும் போட்டார்கள். எனக்கும் பெருமைதான். அப்போது அதில் அழைப்புகளுக்கு இருந்த எண்ட் டு எண்ட் பூட்டு சாட்டுக்கு இல்லை, அதற்கான வேலை நடப்பதாகக் கம்பெனியே சொன்னது. நம்ம ஊர்க் கம்பெனி என்பதால் கேள்வியைக் குறைக்கக் கூடாது. எந்த மெசேஜ் ஆப்பிலும் சாட்டின் விவரப் பக்கத்தில் என்கிரிப்ஷன் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள்.

என்னையும் நம்ப வேண்டாம்

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பேட்டர்ன் எழுதிக் கொடுப்பது எங்கள் தெருவில் பழகிப்போன விஷயம். வேண்டாம். டிஸ்ப்ளேவும் பேட்டரியும் மாற்ற உங்கள் லாக் எங்களுக்குத் தேவையில்லை. மாற்றிய பிறகு உங்கள் முன்னால் நீங்களே திறந்து சோதித்துக்கொள்ளலாம். சாம்சங்கில் "மெயின்டனன்ஸ் மோட்", பிக்சலில் "ரிப்பேர் மோட்" என்று இருக்கிறது, போட்டோவும் மெசேஜும் எங்கள் கண்ணில் படாது. சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு கொடுங்கள். விற்பதானால் கூகுள் கணக்கை நீக்கி, பிறகு ஃபேக்டரி ரீசெட். இதற்கு முகம் சுளிக்கிற கடையில் போனைக் கொடுக்காதீர்கள்.

எழுதிக் கேளுங்கள்

தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொன்னது. அதற்கான தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறி, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. கம்பெனிகள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அபராதம் 250 கோடி வரை போகலாம். ஆனால் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ளும் வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே கம்பெனிக்கு ஒரு கடிதம், அரசுக்கு ஒரு கடிதம் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி என்றால், ஆப்பின் பிரைவசி பாலிசி பக்கத்தின் அடியில் குறைதீர்ப்பு அதிகாரியின் மெயில் இருக்கும். நான் எழுதிக் கொடுக்கும் வாசகம் இது: "என் மொபைல் எண்ணில் உள்ள கணக்கையும் அதோடு சேர்ந்த தகவல் அனைத்தையும் அழிக்கக் கோருகிறேன். எந்தத் தகவலைச் சட்டப்படி வைத்திருக்க வேண்டும், எவ்வளவு காலத்துக்கு என்று எழுத்தில் தெரிவிக்கவும்." ஆப்பை போனிலிருந்து எடுத்தால் கணக்கு அழியாது. முதலில் ஆப்புக்குள் "டிலீட் அக்கவுன்ட்", பிறகு இந்த மெயில், அதற்கும் பிறகுதான் அன்இன்ஸ்டால்.

அரசு ஆப் என்றால் தகவல் உரிமைச் சட்டம். மத்தியத் துறைக்கு ஆன்லைனிலேயே 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். தமிழ்நாட்டுத் துறைக்குத் தாளில் எழுதினால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். "ஏன் உளவு பார்க்கிறீர்கள்" என்று எழுதினால் பதில் வராது. ஆவணமாக இருப்பதைக் கேளுங்கள்: இந்த ஆப்பை உருவாக்கிய நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல், சேகரிக்கும் தகவல் வகைகளின் பட்டியல், அவற்றை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்ற உத்தரவின் நகல், வேறு எந்தத் துறைக்குப் பகிரப்படுகிறது, கடைசியாகப் பாதுகாப்புத் தணிக்கை நடந்த தேதி, செய்த நிறுவனத்தின் பெயர். சிலவற்றுக்குப் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுப்பார்கள். எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. தபால் ரசீதை மனு நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள், மேல்முறையீட்டில் தேதிக்கு அதைத்தான் காட்ட வேண்டும்.